முகடு ஒழுகுது, ட்ரிப் சுவிச் விழுகுது: எதற்கு ஆள் பிடிப்பது?

கேள்வி: நாங்கள் விசுவமடுவில் இருக்கிறோம். 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஓட்டு வீடு. கணவர் கட்டாரில் வேலை. போன மாரியில் முகட்டடியில் இரண்டு இடத்தில் ஒழுகியது. ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது, குசினிப் பிளக்கில் கேத்தலைக் குத்தினால் பொறி பறக்கிறது. குளியலறைப் பைப் சொட்டுகிறது. யன்னல் மூலையிலிருந்து சுவரில் ஒரு வெடிப்பும் போகிறது. உயர்தரம் படிக்கும் மகன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தானே செய்வேன் என்று நிற்கிறான். மேசன் ஒருவரைக் கேட்டால் பாதிக் காசை முற்பணமாகக் கேட்கிறார். எதை நாங்களே செய்யலாம், எதற்கு ஆள் பிடிக்க வேண்டும்?

பதில்:

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு கதைக்கலாம், முதலில் அந்தக் குசினிப் பிளக்கைப் பாவிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அதற்குரிய பிரேக்கரை விழுத்திவிட்டு, பிளக்கின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் அடுப்பிலேயே கொதிக்கட்டும். பொறி பறக்கிற பிளக் என்றால் உள்ளே வயர் இளகியிருக்கும், இல்லாவிட்டால் தகடு தேய்ந்திருக்கும், அந்த இடம் ஒவ்வொரு முறையும் சூடாகிக் கருகிக்கொண்டு வரும். அது நாளைக்கு நிற்குமா, அடுத்த வருடம் வரை இழுக்குமா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாமே செய்யலாமா என்று யோசிக்கும்போது எல்லோரும் கை வருமா வராதா என்றுதான் பார்க்கிறார்கள். உங்கள் மகனுக்குக் கை வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயம். வேலை பிழைத்தால் அது உடனே கண்ணுக்குத் தெரியுமா? தெரிந்தபிறகு திரும்பச் செய்ய முடியுமா? பைப்பில் வோசரைப் பிழையாகப் போட்டால் அந்த நிமிடமே திரும்பச் சொட்டும், கழற்றித் திரும்பப் போடலாம், போனது ஒரு வோசர். ஏர்த் வயரைப் பிழையாகக் கொடுத்தால் ஒன்றுமே தெரியாது. லைற் எரியும், ஃபேன் சுற்றும், பிரிஜ் குளிரும், எல்லாம் சரி என்றுதான் நினைப்பீர்கள், யாராவது ஒரு நாள் ஈரக் கையோடு பிரிஜ் கதவைப் பிடிக்கும்வரை. பிழை ஒளிந்திருக்கக்கூடிய வேலை, பிழைத்தால் ஆளைக் கொல்லக்கூடிய வேலை, இந்த இரண்டுக்கும் வேலை தெரிந்த ஆளைப் பிடியுங்கள். மற்றதை வீட்டிலேயே செய்து பழகுங்கள், அதில் வெட்கமும் இல்லை, பயமும் வேண்டாம்.

இந்த அளவுகோலில் பார்த்தால் பைப் மகனுக்குரியது. தொட்டியிலிருந்து வரும் கேற் வால்வைப் பூட்டிவிட்டு, பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, தலையைக் கழற்றினால் அடியில் ரப்பர் வோசர் இருக்கும். எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் பைப்புக்குள்ளும் படிந்து வோசரைத் தின்கிறது. கழற்றிய துண்டுகளை இரவு முழுக்க வினாகிரியில் ஊறவிட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும். அரைச் சுற்றில் திறக்கிற புது மாதிரிப் பைப் என்றால் வோசர் இருக்காது, உள்ளே இருக்கும் கார்ட்ரிஜ்ஜை முழுதாக மாற்ற வேண்டும், பழையதைக் கையோடு ஹாட்வெயாருக்குக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பி.வி.சி. பைப்பில் ஒட்டு வேலை வந்தாலும் அவன் செய்யலாம், ஆனால் கம் பூசி ஒட்டியவுடன் தண்ணீரைத் திறக்காமல் ஒரு நாள் விடவேண்டும், பொடியங்கள் பிழை விடுவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

மின்சாரத்துக்கு வருவோம், அதைப் பற்றித்தான் கூடக் கதைக்க வேண்டும்.

ட்ரிப் சுவிச் விழுவது ஒரு தொல்லை என்று நினைத்து அதைத் தாண்டி நேரடியாக இணைப்புக் கொடுத்துவிடுகிற வீடுகளை நான் வேலை நிமித்தம் பார்த்திருக்கிறேன், அதைச் செய்து கொடுத்தவர் சில வேளை வயரிங் வேலைக்காரராகவே இருப்பார். தயவுசெய்து அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வீட்டுக்குப் போடும் ட்ரிப் சுவிச்சில் பெரும்பாலும் 30 மில்லியம்பியர் என்று எழுதியிருக்கும். போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டால், எங்கேயோ கசிகிறது, அது ஒரு மனித உடம்பாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே விழுந்துவிடும். அது அடிக்கடி விழுகிறது என்றால் உங்கள் வீட்டில் எங்கேயோ உண்மையாகவே கசிகிறது என்றுதான் முதலில் எடுக்கவேண்டும்.

எங்கே கசிகிறது என்று தேடும் வேலையை நீங்களே செய்யலாம், ஒரு திருகாணியையும் கழற்றத் தேவையில்லை. மழை இல்லாத பகல் நேரத்தில் வீட்டில் குத்தியிருக்கும் எல்லாச் சாமானையும் பிளக்கிலிருந்து எடுங்கள். சின்னப் பிரேக்கர்கள் எல்லாவற்றையும் விழுத்திவிட்டு ட்ரிப் சுவிச்சைப் போட்டுப் பாருங்கள். அது நின்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள், பிறகு பொறி பறக்கிற அந்தக் குசினிப் பிளக்கை விட்டுவிட்டு, மற்றப் பிளக்குகளில் பிரிஜ், கேத்தல், அயன், கிணற்று மோட்டர் என்று ஒவ்வொன்றாகக் குத்துங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்தப் பக்கம்தான் பழுது. இதை ஒரு தாளில் எழுதிவையுங்கள், வருகிற ஆளின் அரை நாள் வேலை மிச்சமாகும், உங்களுக்குக் கூலி மிச்சமாகும். எல்லாவற்றையும் விழுத்திய பிறகும் அது நிற்காவிட்டால் பழுது அநேகமாக வயரிங்கில் இருக்கும், அதோடு உங்கள் பங்கு முடிந்தது. இன்னொரு விஷயமும் கேட்பேன்: 2018 மார்கழி வெள்ளம் உங்கள் வீட்டுக்குள் வந்ததா? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அந்த வெள்ளம் புகுந்த வீடுகளில் சுவரின் கீழே இருக்கும் பிளக்குகளுக்குள் தண்ணீர் போய், காய்ந்த பிறகு எல்லாம் சரி என்று ஆக்கள் விட்டுவிட்டார்கள். உள்ளே பிடித்த துருவும் சேறும் அப்படியே இருக்கும்.

ட்ரிப் சுவிச்சில் ஒரு சின்னச் சோதனைப் பொத்தான் இருக்கும், அதை மாதம் ஒரு முறை அமத்திப் பாருங்கள். அமத்தியும் விழாவிட்டால் அது பேருக்குத்தான் அங்கே இருக்கிறது, அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் பொத்தான் வேலை செய்கிறது என்பதற்காக ஏர்த்தும் நல்லாயிருக்கிறது என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு. வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் இறக்கிய செம்புக் கம்பிதான் ஏர்த், எங்கள் மண் ஆடி ஆவணியில் காய்ந்து இறுகும்போது அதன் தடை கூடும், மாரியில் நல்லாயிருந்த ஏர்த் கோடையில் போதாமல் போகலாம். இதை ஸ்க்ரூட்ரைவர் ரெஸ்ரரால் பார்க்க முடியாது. வயரிங் ஆளைக் கூப்பிடும்போது ஏர்த் அளக்கிற மீட்டரும், வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற மெகரும் உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை, எனக்கு அனுபவம் இருக்கிறது என்பாரானால் மரியாதையாகச் சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்கலாம், அப்படிக் கேட்பதை நல்ல வேலைக்காரர் ஒருவரும் பிழையாக எடுக்கமாட்டார்.

பொறி பறக்கிற பிளக் எந்த மாதிரி என்று நீங்கள் எழுதவில்லை. பழைய 5 அம்பியர் வட்டக்கால் பிளக்காக இருந்தால் காரணம் பாதி விளங்கிவிடும். 2000 வாட் கேத்தல் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும், அதை ஒரு மல்ரி பிளக் போட்டு 5 அம்பியரில் குத்தினால் அது கருகத்தான் செய்யும். புதுப் பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது, பின்னால் வரும் வயரும் அதற்குத் தாங்க வேண்டும். மெல்லிய லைற் வயரில் 13 அம்பியர் பிளக்கைப் பூட்டினால் பிளக் வடிவாக இருக்கும், வயர் சுவருக்குள் சூடாகும். பிழை ஒளிந்திருக்கிற வேலை என்று நான் சொன்னது இதைத்தான். கிணற்றடி மோட்டருக்கு வேலிக் கதியால்களோடு கட்டி இழுத்த வயர், நடுவில் ரேப் சுற்றிய ஒட்டு, இப்படி ஏதும் உங்கள் வளவில் இருந்தால் வருகிற ஆளிடம் அதையும் காட்டுங்கள். கதியால் வளரும், வயரை இறுக்கும், மழையில் நனையும், ஆடு மாடு உரசும், பிள்ளைகள் பிடிக்கும்.

மகன் பார்க்கும் வீடியோக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் கன விஷயம் நல்லதுதான், ஆனால் தமிழில் வருவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எடுத்தது. அங்கே பிளக் வேறு மாதிரி, வயரிங் முறை வேறு, கூரை ஒழுகல் என்றால் மொட்டை மாடிக் கொங்கிறீற்றுக்கு எதைப் பூசுவது என்று சொல்லித்தருவார்கள். உங்கள் வீடு கைமரமும் சலாகையும் ஓடும். அந்தப் பூச்சை வாங்கிவந்து ஓட்டின் மேல் பூசினால் காசுதான் கரையும்.

கூரையைப் பாதி நீங்களும் பாதி ஆளும் என்று பிரிக்கலாம். ஒழுகுகிற தண்ணீர் விழுகிற இடம் ஒன்று, உள்ளே வருகிற இடம் வேறொன்று, அது கைமரத்தின் வழியே ஓடிவந்து எங்கேயோ சொட்டும். ஆகவே இடையில் மழை ஒன்று பெய்தால் ரோர்ச் அடித்து, ஈரம் எந்த ஓட்டடியில் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு நேரே கீழே சுவரிலோ நிலத்திலோ சோக்கால் அடையாளம் போடுங்கள். சோளகக் காற்றில் ஓடு விலகியிருக்கும், அல்லது ஒன்று உடைந்திருக்கும், சீலிங் இல்லாத அறை என்றால் மேலே ஏறாமலே உள்ளேயிருந்து ஓட்டைத் தூக்கி நகர்த்திப் புது ஓட்டைச் செருகலாம். உறுதியான மேசை அல்லது சாரம், கீழே பிடிக்க ஓர் ஆள், இது மகனுக்கு முடியும். கூரை மேலே ஏறுவதற்கு மட்டும் விடவேண்டாம். பின்பக்கம் பத்தி இறக்கி அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருந்தால் அதில் காலே வைக்கக் கூடாது, வெளியே பார்க்க உறுதியாக இருக்கும், ஆள் ஏறினால் விட்டுவிடும். அதைக் காய்ந்தபடி துளைக்கவும் பிறஷ் போட்டு உரஞ்சவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வெளியே எடுக்க வழியில்லை.

நீங்கள் சொல்வது முகட்டடி என்பதால், முகட்டோட்டுக்குக் கீழே வைத்த சாந்து வெடித்திருக்கும் என்பதுதான் என் ஊகம். அது மேசன் வேலை, உயரத்தில் செய்யும் வேலை. அவர் வந்தவுடன் பழைய வெடிப்பின் மேலேயே இன்னொரு கை சீமெந்தை அப்பப் பார்ப்பார், அதை விடாதீர்கள். இளகிய பழைய சாந்தைத் தட்டி எடுத்து, நனைத்து, முகட்டோட்டை ஒழுங்காக இருத்திவிட்டுத்தான் புதுச் சாந்து வைக்க வேண்டும். மேலே மேலே அப்பினால் பாரம் கூடும், மரம் அசையும்போது திரும்ப வெடிக்கும். அதற்கு முன் முகட்டு வளையையும் கைமரங்களையும் ஒரு ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வைரமில்லாத பனையைப் போட்ட வீடுகள் எங்கள் பக்கம் கன, கறையான் உள்ளே தின்றுவிட்டு வெளித்தோலை அப்படியே விட்டிருக்கும். முனை சுகமாக உள்ளே போனால் சாந்து வேலையை நிறுத்திவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தரம் கூலி கொடுப்பீர்கள்.

வெடிப்புக்கு இப்போதைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம், பூசவும் வேண்டாம். அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், அகலமான இடத்தை அடிமட்டத்தால் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். சுவரின் மறுபக்கத்திலும் அதே வெடிப்பு தெரிகிறதா, அந்த யன்னல் இறுகுகிறதா என்றும் பாருங்கள். 5 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, பொறியியலாளரோ அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரோ வந்து அத்திவாரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், மேசன் மட்டும் போதாது. களி மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும், முருங்கன் பக்கத்துக் கரும் களியில் இது மிகவும் கூட, வயலோரத் தாழ்வான காணிகளிலும் நடக்கும். அதற்கிடையில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை: தாழ்வாரத் தண்ணீர் விழுந்து விழுந்து சுவரோரம் குழியாகியிருந்தால் மண்ணை நிரப்பி இறுக்கி, தண்ணீர் வீட்டை விட்டு வெளியே ஓடும்படி சரிவாக்குங்கள். பீலி போட முடிந்தால் இன்னும் நல்லது. சின்ன வெடிப்புகளில் கனக்க அதோடு நின்றுவிடும்.

மண் வேலை என்று சொன்னதால் இதையும் எழுதாமல் விட முடியாது. ஏர்த் கம்பி இறக்கவோ குழி வெட்டவோ புதிய இடத்தில் தோண்டும்போது இரும்புச் சாமான் ஏதும் தட்டுப்பட்டால் கையோ அலவாங்கோ வைக்காமல் அப்படியே விட்டு விலகி, பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றிய காணி என்று தெரிந்தாலும் அதைச் செய்யுங்கள். மலக்குழிக்குள் எவரும், வேலைக்கு வந்த ஆளும்கூட, இறங்கக் கூடாது. உள்ளே நிற்கும் வாயு இறங்கியவரையும் காப்பாற்ற இறங்கியவரையும் சேர்த்தே எடுத்துவிடும்.

இனி அந்த மேசனார் விஷயம். பாதிக் காசு முற்பணம் வேண்டாம். வீட்டுத்திட்டத்தில் உங்களுக்கு 550,000 ரூபா எப்படி வந்தது? ஒரு கட்டம் முடிந்து, பார்த்து, அதன் பிறகுதான் அடுத்த கட்டக் காசு. அதே முறையை நீங்கள் அவரோடு வைத்துக்கொள்ளுங்கள். சாமானை நீங்களே வாங்குங்கள், சீமெந்துப் பையின் திகதியைப் பாருங்கள், கட்டி பட்டிருந்தால் எடுக்க வேண்டாம். அவருக்குக் கூலி மட்டும், இன்ன வேலைக்கு இவ்வளவு என்று கொந்தராத்தாகப் பேசி ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். முகட்டு வேலை போன்ற சின்ன வேலைக்கு நாள் கூலி பேசினால் நாள் நீளும். கடைசிப் பங்கை முதல் மழை பெய்து ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகு தருவதாக முன்னரே சொல்லுங்கள், தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் அதற்கு ஒத்துக்கொள்வார். அவர் முன்னம் வேலை செய்த ஒரு வீட்டையும் போய்ப் பாருங்கள், ஒரு மாரி தாண்டிய வீடாக இருக்கட்டும்.

கணவர் வெளிநாட்டில், பெண் ஒருத்திதானே நிற்கிறாள் என்று நினைத்துக் கதைப்பவர்கள் வருவார்கள். வீட்டுத்திட்டம் நடந்த நாளில் அத்திவாரத்திலிருந்து ஓடு வரைக்கும் எத்தனையோ பெண்கள்தான் நின்று பார்த்துக் கட்டுவித்தார்கள், நீங்களும் நின்றிருப்பீர்கள், அந்த அனுபவத்தைக் குறைவாக எடைபோடாதீர்கள். சுவருக்குள் போகும் வயரை, பைப்பை, பூச்சுப் பூசி மூடும் முன் போனில் படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்புங்கள். சாந்து வைத்த பிறகு 7 நாளாவது தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருப்பது உங்கள் வேலை, மேசனார் போய்விடுவார், நீங்கள் தெளிக்காவிட்டால் அவர் நல்லாய்ச் செய்திருந்தாலும் வெடிக்கும்.

மகனை ஒதுக்கிவைக்க வேண்டாம். வயரிங் ஆள் வரும் நாளில் அவனைக் கையாளாக நிற்கவிடுங்கள், மெயினை விழுத்திய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்கட்டும், மீட்டர் எப்படி வாசிப்பது என்று கேட்கட்டும். இந்த வேலையில் அவனுக்கு உண்மையான விருப்பம் என்றால், உயர்தரம் முடிந்த பிறகு கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள். அங்கே படித்துச் சான்றிதழோடு வந்தால் உங்கள் வீட்டு வயரிங்கை மட்டுமல்ல, ஊரின் வயரிங்கையும் அவனிடம் நம்பிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். இந்தக் கிழமை வயரிங். பைப்பை மகன் சனி ஞாயிறில் செய்யட்டும். முகட்டு வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள், புரட்டாதி பிறந்தால் காலபோக விதைப்பென்று கையாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள், பிறகு ஐப்பசி மழைக்குள் ஓட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஆள் தேட முடியாது. வெடிப்பை மாதம் ஒரு முறை அளந்து எழுதி வாருங்கள். கார்த்திகையில் அந்த அளவுகளையும் உங்கள் காணி என்ன மண் என்பதையும் எழுதி அனுப்பினால், அதைப் பார்த்து மேற்கொண்டு என்ன செய்வதென்று சொல்கிறேன்.